பிரான்சிஸ்கோ அலர்கோன்: ஒரே பக்கத்தில் இரண்டு மூலம்

வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவின் இருமொழிக் கவிஞரும் தொகுப்பாசிரியருமான பிரான்சிஸ்கோ எக்ஸ். அலர்கோன் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு வந்திருந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

குறிப்பு மிகச் சுருக்கமாக இருந்தது. அவர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? (கும்பகோணம் வாசகி)

பிறந்தது 1954 பிப்ரவரி 21, கலிபோர்னியாவின் வில்மிங்டனில். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளர் பகுதி அது. வளர்ந்தது பெரும்பாலும் மெக்சிகோவின் குவாதலஹாராவில். பதினெட்டு வயதில் கலிபோர்னியாவுக்குத் திரும்பினார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி, லாங் பீச்சில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம், பிறகு ஸ்டான்ஃபோர்டு என்று படிப்பு போனது. அதன்பின் டேவிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 2016 ஜனவரி 15 அன்று, 61 வயதில் காலமானார்.

கவிதைக்கு அவர் வந்த வழி பாட்டியின் பாட்டு. பதின்மூன்று வயதில், பாட்டி பாடியவற்றைத் தாளில் எழுதி வைக்க முயன்றார். நினைவு விட்டுப்போன இடத்தில் சொந்த வரியைப் போட்டு நிரப்பினார். கேட்டதை எழுதுவது, விடுபட்டதைத் தானே ஈடுகட்டுவது என்ற இந்த வேலைமுறையைப் பிற்காலத்தில் அவருடைய பெரிய புத்தகமான 'பாம்புக் கவிதைகள்' நூலிலும் பார்க்கலாம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

புதிதாகத் தொடங்குவோர் சிறுவர் நூல்களை எடுங்கள். 'சிரிக்கும் தக்காளிகள்' (1997), 'நிலவின் தொப்புளிலிருந்து' (1998), 'தேவதைகள் சைக்கிள் ஓட்டுகின்றன' (1999), 'பனியில் உடும்புகள்' (2001). தமிழ்த் தலைப்புகள் நாங்கள் இட்டவை. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக நான்கு. நான்குக்கும் ஓவியர் மாயா கிறிஸ்டினா கொன்சாலெஸ். வெளியிட்டது 1975இல் ஹாரியட் ரோமர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் பிரஸ். அது 2012இல் லீ அண்ட் லோ நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், இப்போது தேடுகிறவர்கள் அந்தப் பெயரில் தேட வேண்டும். சிறுவர் நூல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவருடைய கைத்திறன் மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான்.

லத்தீனோ, சிகானோ என்று இரண்டு சொல்லும் வந்திருந்தன. இரண்டும் ஒன்றா? (திண்டுக்கல்)

இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் எல்லோரையும் குறிப்பது லத்தீனோ. அதில் மெக்சிக வேர் கொண்டவர்கள், குறிப்பாக 1960களின் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு, தமக்குத் தாமே பெருமையுடன் சூட்டிக்கொண்ட பெயர் சிகானோ. அலர்கோன் தன்னைச் சிகானோ என்றும், பூர்வகுடியும் ஸ்பானியமும் கலந்த மெஸ்தீசோ என்றும் சொல்லிக்கொண்டார். தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை 1980களிலேயே கவிதையில் மறைக்காமல் எழுதியவர்.

ஸ்பானியமும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எது மூலம், எது மொழிபெயர்ப்பு? இரண்டையும் படிக்க வேண்டுமா? (மதுரை, புதுச்சேரி வாசகர்கள்)

நூலுக்கு நூல் விடை மாறும். பெரியவர்களுக்கான ஆரம்பத் தொகுப்புகளில் மூலம் ஸ்பானியம். ஆங்கிலம் வேறொருவர் கை. 'உடல் தீயில்' என்று பொருள்படும் 'குவெர்ப்போ என் யாமாஸ்' (1990), பதினான்கு சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) கொண்ட 'தெ அமோர் ஒஸ்குரோ' (1991) இரண்டையும் ஆங்கிலமாக்கியவர் பிரான்சிஸ்கோ அரகோன். அவரும் கவிஞர், பதிப்பாசிரியர். சிறுவர் நூல்களிலோ இரண்டு மொழியும் அலர்கோனே எழுதியது. ஒன்றை எழுதிவிட்டு அடுத்ததை அதன் அச்சில் வார்ப்பதில்லை. ஒரு மொழியில் கிடைத்த திருப்பத்துக்காக மற்றதையும் திருத்துவார். ஆகவே அங்கே இரண்டுமே மூலம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம். 'காந்தோ' என்றால் ஸ்பானியத்தில் 'பாட்டு'; அதே சொல்லே 'பாடுகிறேன்' என்றும் பொருள்படும். ஒரு வரியில் 'காந்தோ' மட்டும் தனித்து நின்றால், அது பாட்டா, பாடுகிறவனா என்று படிப்பவர் கணநேரம் நிற்கிறார். ஆங்கிலத்தில் அந்த நிறுத்தம் கிடையாது: பெயர்ச்சொல்லா வினையா என்று முடிவு செய்தே எழுத வேண்டும், வினை என்றால் 'ஐ' என்ற தன்மைச் சொல்லையும் முன்னால் வைக்க வேண்டும். தமிழ் வினையில் இங்கே ஸ்பானியத்தின் பக்கம்: 'பாடுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. ஆனால் அடைமொழியில் தமிழ் ஆங்கிலத்தின் பக்கம். ஸ்பானியம் 'லூனா யேனா' என்று நிலாவை முதலில் காட்டி, பிறகு முழுமையைச் சொல்கிறது. நாம் 'முழு நிலா' என்கிறோம். ஸ்பானிய வரி 'லூனா'வோடு முறிந்தால், அடுத்த வரியில் நிலா நிரம்புகிறது. அதே இடத்தில் தமிழில் முறித்தால் 'முழு' என்ற சொல் அந்தரத்தில் தொங்கும்.

அவருடைய வரிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள்தான். முற்றுப்புள்ளி, காற்புள்ளி அநேகமாகக் கிடையாது. பக்கத்தின் நடுவில் ஒல்லியாக இறங்கும் நெடுங்கோடு போல இருக்கும். நிறுத்தக் குறி செய்ய வேண்டிய வேலையை வரி முறிவே செய்வதால், உரக்கப் படித்து, ஒவ்வொரு வரி முடிவிலும் அரை மூச்சு விட வேண்டும். மௌனமாகக் கண்ணால் ஓட்டினால் நாற்பது விநாடியில் முடிந்து, 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஸ்பானியம் தெரியாதவரும் இடப்பக்கத்தை ஒரு தடவை வாய்விட்டு ஒலித்துப் பார்த்துவிட்டு வலப்பக்கம் வருவது நல்லது.

'சிரிக்கும் தக்காளிகள்' நூலின் ஸ்பானியப் பெயரில் 'தோமாத்தே' என்று இல்லாமல் 'ஹிதோமாத்தே' என்று இருக்கிறதே, அச்சுப்பிழையா? (ஈரோடு)

அச்சுப்பிழை இல்லை. இந்தக் கவனிப்புக்கு நன்றி, ஏனென்றால் அலர்கோனின் உலகம் முழுதும் அந்த ஒரு எழுத்துக்குள் இருக்கிறது.

மெக்சிகோவின் பூர்வகுடிகளான ஆஸ்டெக் மக்களின் மொழியான நாவாட்லில் 'தோமாத்ல்' என்பது சாறுள்ள உருண்டைப் பழங்களுக்குப் பொதுப்பெயர். உறைக்குள் காய்க்கும் பச்சைப் பழமும் அதில் சேரும். சிவந்து பெருத்த வகைக்குத் தனியாக 'ஷிதோமாத்ல்'. ஸ்பானியர்கள் பொதுப்பெயரை எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவே ஐரோப்பா முழுதும் பரவி நம் ஊர் 'டொமேட்டோ' ஆனது. மத்திய மெக்சிகோவில் மட்டும் பழைய வேறுபாடு இன்றும் நிற்கிறது: சந்தையில் 'தோமாத்தே' என்று கேட்டால் உறைக்குள் இருக்கும் பச்சைக்காய் கிடைக்கும், சிவப்புப் பழம் வேண்டுமானால் 'ஹிதோமாத்தே'. வட மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் பலர் சிவப்பையே 'தோமாத்தே' என்பார்கள். ஆகவே தலைப்பில் 'ஹிதோமாத்தே' போட்டது, இது எந்த நிலத்துப் பாட்டி பேசிய ஸ்பானியம் என்று காட்டும் தேர்வு. ஆங்கிலத் தலைப்பில் அது தெரியவே தெரியாது.

'ஷி' என்ற முன்பகுதி 'ஷிக்த்லி', அதாவது தொப்புள், என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. பழத்தின் குழி தொப்புள் போலத் தெரிவதால். அதே 'ஷிக்த்லி'யும் நிலவைக் குறிக்கும் 'மெத்ஸ்த்லி'யும் சேர்ந்துதான் 'மெக்சிகோ' வந்தது, அதன் பொருள் 'நிலவின் தொப்புளில்' என்பது பரவலாக அறியப்பட்ட ஒரு விளக்கம். இரண்டாம் நூலின் தலைப்பு அதிலிருந்து எடுத்தது. சொல்லாராய்ச்சியாளர் எல்லோரும் இவற்றை ஏற்பதில்லை. கவிஞருக்கு அது தடையாகவும் இல்லை.

நமக்கும் இதே கதை நடந்திருக்கிறது. மணத்தக்காளி என்ற பெயர் நம்மிடம் இருந்தது. மெக்சிகோவின் சிவப்புப் பழம் கடல் வழியே வந்தபோது அதைச் 'சீமைத்தக்காளி' என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்து, வந்த பழமே 'தக்காளி' ஆகிவிட்டது. 'ஹிதோமாத்தே'யைத் தமிழாக்க யாராவது 'சீமைத்தக்காளி' என்று போட்டால் நாங்கள் கைதட்டுவோம்.

'பாம்புக் கவிதைகள்' மந்திர நூல் என்கிறார்கள். உண்மையா? (நாகர்கோவில், யாழ்ப்பாணம்)

மந்திரங்களிலிருந்து பிறந்த கவிதை நூல். 1992இல் வந்தது, மறு ஆண்டு அமெரிக்கன் புக் அவார்டு பெற்றது. அவருடைய ஆகச் சிறந்த வேலை இதுதான் என்பது எங்கள் கருத்து.

பின்னணி இது. ஹெர்னாந்தோ ரூயிஸ் தெ அலர்கோன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், மெக்சிகோவில் இன்றைய குவெரேரோ மாநிலப் பகுதியில் பணியாற்றியவர். பூர்வகுடி மக்களிடம் எஞ்சியிருந்த பழைய வழிபாட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஒழிப்பது அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு. மக்களைப் பிடித்து விசாரித்து, அவர்கள் முணுமுணுத்த மந்திரங்களை நாவாட்லிலேயே எழுதி, ஸ்பானிய விளக்கத்துடன் 1629இல் ஒரு அறிக்கை முடித்தார். அடுத்து வரும் பாதிரிகள் இவற்றை அடையாளம் கண்டு தண்டிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் விளைவு நேர்மாறு: அவர் எழுதி வைக்காவிட்டால் அந்தச் சொற்கள் நமக்குக் கிடைத்திருக்காது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் மெக்சிகோ நகரில் இருந்த இளம் கவிஞர் அலர்கோன், தன் குடும்பப் பெயரையே தாங்கிய அந்த அறிக்கையைப் படித்தார்.

மந்திரங்கள் வானத்து விஷயமல்ல. மான் வேட்டை, மீன் பிடி, மரம் வெட்டு, சுமை தூக்கு, தேனெடு, மக்காச்சோளம் விதை, தேள்கடி இறக்கு, மனம் விரும்பியவரை வசமாக்கு என்று அன்றாட வேலைகள். இவற்றில் எந்தப் பொருளும் தன் வீட்டுப் பெயரால் அழைக்கப்படாது; எல்லாவற்றுக்கும் மறைபெயர் உண்டு. விதைக்கப் போகிற மக்காச்சோள மணிக்கு 'ஏழு பாம்பு'. மரத்தால் ஆன கருவிக்கு 'ஒன்று நீர்'. இவை ஆஸ்டெக் நாட்காட்டியின் நாட்பெயர்கள். தண்ணீர் 'பச்சைமணிப் பாவாடைக்காரி'. புகையிலை 'ஒன்பது முறை அடிபட்டவன்'. விரல்கள், ஐந்து விதி கொண்டவர்கள். உழவர் குச்சியால் குழி தோண்டி மணி போடும்போது, 'ஒன்று நீர்' வந்து 'ஏழு பாம்பு'க்குப் பாய் விரிப்பது போல ஒரு நாடகம் நடக்கிறது. பெயர் தெரிந்தவனுக்கே பொருள் கட்டுப்படும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது.

அலர்கோன் இவற்றை எப்படிக் கையாண்டார்? மொத்தம் 104 கவிதைகள். ஆஸ்டெக் காலக் கணக்கில் ஒரு சுற்று 52 ஆண்டு. 104 என்றால் இரண்டு சுற்று. சில இடங்களில் நாவாட்ல் மந்திரத்தை அப்படியே நிறுத்தி, பக்கத்தில் ஆங்கிலம். சில இடங்களில் மந்திரத்தின் எலும்பை மட்டும் எடுத்து இன்றைய வாழ்வை அதில் ஏற்றுகிறார். பாதிரியார் அலர்கோனிடமும் பெயர் சொல்லி நேருக்கு நேர் பேசுகிறார், உறவினரிடம் பேசுவது போல.

வாசகர்கள் இங்கே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மறைபெயரை உவமை என்று எடுத்துக்கொண்டு 'மக்காச்சோளம் பாம்பு மாதிரி' என்று படித்தால் கவிதை அழிந்துவிடும். 'மாதிரி' அங்கே இல்லை. அந்த நேரத்துக்கு அதன் பெயரே அது. படிக்கும் முன் மேலே சொன்ன ஐந்தாறு மறைபெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கவிதைகள் தானே திறக்கும்.

நாவாட்ல் செத்த மொழி என்று ஒருவர் எழுதியிருந்தார். மெக்சிகோவில் இன்றும் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. அம்மொழியில் கவிதைக்கே 'இன் ஷோச்சித்ல் இன் க்விகாத்ல்', 'பூவும் பாட்டும்' என்று பெயர். சிகானோ கவிஞர்கள் அதை 'ஃப்ளோர் இ காந்தோ' என்று ஸ்பானியத்தில் எடுத்து, தங்கள் கவிதைக் கூடல்களுக்குப் பெயராக வைத்தார்கள்.

டொரொன்டோவில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகள். அலர்கோன் இதே வேலையைச் செய்தார் என்று படித்தேன். அவரிடமிருந்து எதை எடுக்கலாம்?

டேவிஸில் அவர் நடத்தியது வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த மாணவர்களுக்கான தனிப் பாடத்திட்டம். அந்நியருக்கான பாடநூல் 'வணக்கம், உன் பெயர் என்ன' என்று தொடங்கும். இம்மாணவர்களுக்கு அது அவமானம். மேல்நிலை இலக்கணம் கொடுத்தால் தடுமாறுவார்கள். பிழைகளும் வேறு வகை. அந்நியர் வினைத்திரிபில் தவறுவார். வீட்டில் கற்றவர் காதால் எழுதுவார்: 'பார்ப்போம்' என்று பொருள்படும் 'ஆ வேர்' என்ற இரு சொல்லையும் 'இருத்தல்' என்ற 'ஆவேர்' என்ற ஒரு சொல்லையும் மாற்றி எழுதுவார், ஏனென்றால் ஒலி ஒன்றே. ஸ்பானியத்தில் 'பி', 'வி' இரண்டுக்கும் ஒலி வேறுபாடு இல்லாததால் அதிலும் பிழை. நம் பிள்ளைகளின் ல, ள, ழக் குழப்பம் இதே குடும்பம். இதற்கு மருந்து சொல் பட்டியல் மனப்பாடம் இல்லை. தானறிந்த பேச்சை எழுத்தில் பார்ப்பது.

அவருடைய கவிதை வடிவத்தை இப்படி வகுப்பில் பயன்படுத்தலாம். வீட்டில் கேட்ட ஒரு வாக்கியத்தைப் பிள்ளை சொல்லட்டும், பேச்சு வழக்கிலேயே. அதைப் பலகையில் நீங்கள் எழுதுங்கள். வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வராமல் பிள்ளையே முறிக்கட்டும். எட்டுப் பத்து வரி போதும். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், 'மொழிபெயர்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல். இரண்டையும் ஒரே தாளில், ஒரே எழுத்தளவில், அருகருகே ஒட்டுங்கள். அளவு முக்கியம்: ஒரு மொழி பெரிதாகவும் மற்றது கீழே சாய்வெழுத்தில் சிறிதாகவும் இருந்தால், எது எஜமானன் என்று பிள்ளை கண நேரத்தில் புரிந்துகொள்ளும். பலர் சறுக்குவது பிழை திருத்தத்தில். முதல் நாளே சிவப்பு மை போட்டால் இரண்டாம் வாரம் பிள்ளை வாய் திறக்காது. எழுத்துப்பிழையை மூன்றாம் படியில், பிரதி எடுக்கும்போது பாருங்கள்.

ஒரு செய்தியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய நான்கு பருவ நூல்கள் வந்துகொண்டிருந்த 1998 ஜூனில்தான் கலிபோர்னியா வாக்காளர்கள் 227ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினார்கள். பள்ளி கைவிட்ட வேலையை முப்பத்திரண்டு பக்கப் படப் புத்தகம் சுமந்தது. அந்தச் சட்டத்தை மாற்றிய 58ஆம் முன்மொழிவு வென்றது 2016 நவம்பரில். அவர் அதைப் பார்க்கப் பத்து மாதம் இல்லாமல் போனார்.

தொகுப்பாசிரியர் என்ற முறையில் அவர் செய்தது என்ன? (சென்னை)

2010 ஏப்ரலில் அரிசோனா மாநிலம் எஸ்.பி. 1070 என்ற சட்டம் கொண்டுவந்தது. வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தும் போலீஸ், அவர் உரிய ஆவணமின்றி நாட்டில் இருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பிரிவு. எதிர்ப்பாக ஒன்பது மாணவர்கள் ஃபீனிக்ஸில் சட்டமன்றக் கட்டடக் கதவோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அலர்கோன் அவர்களுக்காக ஒரு கவிதை எழுதி, மற்றக் கவிஞர்களும் எழுத ஃபேஸ்புக்கில் ஒரு பொதுப் பக்கம் திறந்தார். கவிதைகள் குவிந்தன, ஒரு கவிஞர் குழு அவற்றைப் படித்துத் தேர்ந்தது. அவற்றிலிருந்து அவரும் ஒதிலியா கல்வான் ரொட்ரிகெஸும் தொகுத்த நூல் 'பொயட்ரி ஆஃப் ரெசிஸ்டன்ஸ்', எண்பதுக்கும் மேற்பட்டோரின் எழுத்துடன், அவர் மறைந்த 2016இலேயே அரிசோனாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வந்தது. சட்டம் பிறந்த மாநிலத்தின் பல்கலைக்கழகமே அதை அச்சிட்டது. சட்டத்தின் மூன்று பிரிவுகளை 2012இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. போலீஸ் சரிபார்ப்புப் பிரிவு தப்பியது.

சுடச்சுட எழுதிய கவிதைகளைப் புத்தகமாக்குவதில் முதல் சிக்கல், செய்தி ஆறியபின் எது நிற்கும் என்பது. சட்டத்தின் எண்ணை எடுத்துவிட்டுப் படித்தாலும் நிற்கிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை. அடுத்தது அனுமதி: பொதுப் பக்கத்தில் போட்டவர் நூலுக்கும் சம்மதித்தார் என்று ஆகாது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே எழுத்தில் பெற வேண்டும். மூன்றாவது, மெய்ப்பு, அதாவது அச்சுப்பிழை திருத்தம். ஸ்பானியத்தில் குறி விழுந்தால் பொருள் விழும். 'ஆன்யோ' என்றால் ஆண்டு. அதன் நடு எழுத்தின் மேலுள்ள நெளிகோடு விட்டுப்போனால் 'ஆனோ', அதாவது மலவாய். 'பப்பா' கடைசி எழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு. ஆங்கிலம் மட்டும் அறிந்த அச்சுக்கோப்பாளரிடம் போகும் ஒவ்வொரு இருமொழி நூலும் இங்கேதான் காயப்படும். மெய்ப்பை இரு மொழிக்கும் தனித்தனி ஆள் பார்க்க வேண்டும்.

தமிழாக்கம் செய்ய விரும்புகிறேன். ஆங்கிலத்திலிருந்து செய்யலாமா? (கோவை)

சிறுவர் கவிதைகளை ஆங்கிலம் வழி செய்யலாம், ஸ்பானியம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால். 'சு' என்ற ஸ்பானியச் சொல் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய என்று எல்லாமாகவும் நிற்கும். ஆங்கிலம் ஒன்றைத் தேர்ந்து கதவைச் சாத்தியிருக்கும். அதைப் பார்த்துத் தமிழாக்கினால் சாத்திய கதவுக்கு நாமும் பூட்டுப் போட்டவர்களாவோம். இயன்ற இடத்தில் 'தன்' கைகொடுக்கும். சானெட்டுகளை ஸ்பானியத்திலிருந்து அல்லாமல் தொடவேண்டாம்.

வேலை தொடங்குமுன் நூலை வெளியிட்ட பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள். எத்தனை கவிதை, எந்த மொழி, அச்சா மின்னூலா, எத்தனை படி, விற்பனைக்கா என்பவற்றை முதல் கடிதத்திலேயே சொன்னால் பதில் விரைவாக வரும். ஓவியத்துக்கு உரிமை வேறு. கவிதைக்குக் கிடைத்த அனுமதி படத்துக்குச் செல்லாது.

பக்க அமைப்பில் ஒரு எச்சரிக்கை. அவருடைய மூன்று சொல் வரி தமிழில் 'பாடிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரே சொல்லாக நீளும். டெமி என்ற வழக்கமான நூல் அளவில் ஒரே பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தால் தமிழ் வரி மடங்கி, வரி முறிவு சிதைந்துவிடும். எதிரெதிர்ப் பக்கத்தில் போடுங்கள். மூலத்தில் இல்லாத காற்புள்ளியைச் சேர்க்காதீர்கள். வினையை எப்போதும் கடைசி வரிக்குத் தள்ளவும் வேண்டாம். 'பாடுகிறாள் / பாட்டி / அடுப்பருகே' என்று தமிழ் தாராளமாக வளைந்து கொடுக்கும்.

அவர் பெயரில் உள்ள 'எக்ஸ்' எதைக் குறிக்கிறது? (சேலம்)

சவியெர். ஸ்பானிய உச்சரிப்பில் 'ஹவியெர்'. நாவாட்ல் சொற்களில் வரும் அதே எழுத்தை 'ஷ' என்று ஒலிக்க வேண்டும்.